எத்தனை வருடம் என்று கேட்பதற்கு முன்னால்

குற்றவாளி என்று தீர்மானித்த பிறகு, தண்டனை பற்றி இரு தரப்பும் பேச நீதிபதி நேரம் தருவார். "சமூகத்துக்கு இது பாடமாக அமைய வேண்டும்" என்பார் அரசு வழக்கறிஞர். "முதல் குற்றம், சின்ன வயது, திருந்த ஒரு வாய்ப்புக் கொடுங்கள்" என்போம் குற்றவாளியின் வக்கீல்களான நாங்கள். பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பாதிக்கப்பட்டவரின் அண்ணன், "செஞ்சதுக்கு அனுபவிக்கட்டும்" என்று முணுமுணுப்பார். சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடும். மூவரும் கேட்பது தண்டனைதான், ஆனால் மூன்றும் ஒரே பொருள் இல்லை.

அந்த அண்ணனின் பேச்சைப் பழிவாங்கல் என்று பலரும் ஒதுக்கிவிடுகிறார்கள். நான் அப்படி ஒதுக்க மாட்டேன். செய்ததற்கு ஏற்ற தண்டனை என்றால் அதற்கு மேல் கூடாது என்றும்தானே பொருள்? பிறருக்குப் பாடம் புகட்டும் கருவியாக மட்டும் ஒரு மனிதனைப் பயன்படுத்தக் கூடாது என்று தத்துவவாதி காண்ட் சொன்னதும் இந்தப் பக்கம் நின்றுதான்.

பயமுறுத்தித் தடுப்பது என்ற வாதம்தான் எப்போதும் அதிகம் கைதட்டல் வாங்கும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் 200க்கும் மேற்பட்ட குற்றங்களுக்குத் தூக்கு இருந்தது. ஒரு வீட்டுக்குள் 40 ஷில்லிங் மதிப்புள்ள பொருளைத் திருடினாலே தூக்குதான். என்ன நடந்தது தெரியுமா? தீர்ப்புச் சொல்ல அமர்த்தப்பட்ட பொதுமக்களான ஜூரிகளுக்கு மனசு வரவில்லை. திருடுபோன பொருளின் மதிப்பு 39 ஷில்லிங்தான் என்று தீர்ப்பு எழுதி ஆளைக் காப்பாற்றினார்கள். சட்டம் கடுமையாகக் கடுமையாக, அது நிறைவேறுவது நிச்சயமில்லாமல் போனது. குற்றத்தைத் தடுப்பது தண்டனையின் கொடுமை அல்ல, அது தப்பாமல், சீக்கிரம் வரும் என்ற உறுதிதான் என்று இத்தாலியச் சிந்தனையாளர் பெக்காரியா 1764லேயே எழுதிவிட்டார். என் கட்சிக்காரர்களில், செய்வதற்கு முன் எத்தனை வருடம் கிடைக்கும் என்று கணக்குப் பார்த்தவர் அநேகமாக யாருமில்லை. மாட்ட மாட்டோம் என்றுதான் நினைத்திருந்தார்கள்.

உள்ளே வைத்தால் வெளியே செய்ய முடியாது என்பது இன்னொரு வாதம். சரி, உண்மைதான். ஆனால் பெரும்பாலானவர்கள் ஒருநாள் வெளியே வருவார்கள். எப்படிப்பட்ட ஆளாக வருவார் என்ற கேள்வியில்தான் சீர்திருத்தம் தொடங்குகிறது.

இதற்கெல்லாம் வெளியே ஒரு வழியும் இருக்கிறது. 1974ல் கனடாவின் எல்மைரா ஊரில் இரண்டு இளைஞர்கள் ஒரே இரவில் 22 இடங்களில் சேதம் செய்தார்கள். நன்னடத்தை அதிகாரி ஒருவரின் யோசனையை ஏற்று, பாதிக்கப்பட்டவர்களை நேரில் சந்திக்க நீதிபதி அவர்களை அனுப்பினார். வீடு வீடாகப் போய்ப் பேசினார்கள், சில மாதங்களில் நஷ்டஈட்டையும் கட்டினார்கள். இது எல்லாக் குற்றத்துக்கும் பொருந்தாது. பாதிக்கப்பட்டவர் மனமுவந்து சம்மதிக்காவிட்டால் அவருக்கு அது இன்னொரு கொடுமை.

ஆனாலும் வீட்டில் திருட்டுக் கொடுத்த ஒரு அம்மா தீர்ப்பு நாளில் என்னிடம் கேட்டது மறக்கவில்லை. நான் எதிர்த்தரப்பு வக்கீல் என்று தெரிந்தேதான் வந்தார். "எத்தனை வருஷம்னு எனக்குத் தேவையில்ல சார். ஏன் என் வீட்டுக்கு வந்தான்னு மட்டும் கேட்டுச் சொல்றீங்களா?"

வழக்கு முடிந்துவிட்டது. அந்தக் கேள்வியை அவனிடம் அதுவரை யாரும் கேட்டிருக்கவில்லை, நான் உட்பட.