நரம்புச் சுருளில் அச்சிட்டிருக்கும் எண் மீனின் எடை அல்ல

சென்ற மாத இறுதியில் ஒரு சனிக்கிழமை மாலை, டெக்சாஸின் லேக் ஃபோர்க் ஏரியில் பாஸ் மீன் பிடிக்க வந்திருந்த ஒருவர், இரண்டாக உடைந்த தூண்டில் கோலைக் கையில் பிடித்தபடி எங்கள் பழுதுபார்க்கும் கடைக்குள் நுழைந்தார். அவருடைய இடது கண்ணுக்குக் கீழே, கன்னத்தில், ஒரு கிராங்க்பெய்ட்டின் (சிறு மீன் வடிவச் செயற்கை இரையின்) மும்முனைக் கொக்கி ஏறியிருந்தது. கோலை அன்றே சரிசெய்து தர முடியுமா என்றுதான் அவர் முதலில் கேட்டார். அவரை உடனே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அனுப்பிவிட்டு, கோலை எடுத்துப் பார்த்தேன். 6 முதல் 12 பவுண்டு தூண்டில் நரம்புக்கென்று செய்யப்பட்ட மீடியம் (நடுத்தர வலு) வகைக் கோல் அது. ரீலில் சுற்றியிருந்ததோ 65 பவுண்டு பின்னல் நரம்பு, அதாவது பல மெல்லிய இழைகளைப் பின்னிச் செய்தது. மீன் இழுக்கும்போது நரம்பை விட்டுக்கொடுக்கும் டிராக்கின் திருகு இனித் திருக முடியாத அளவுக்கு இறுக்கப்பட்டிருந்தது. இதே பொருந்தாச் சேர்க்கையை இந்தப் பருவத்தில் திரும்பத் திரும்பப் பார்த்துச் சலித்துவிட்டதால்தான் இதை எழுதுகிறேன்.

நரம்புச் சுருளில் 20 பவுண்டு என்று எழுதியிருந்தால் அது 20 பவுண்டு மீன் வரை தாங்கும் என்றும், ஆகவே எண் பெரிதாக ஆக நமக்குப் பாதுகாப்பும் கூடும் என்றும் பலர் உறுதியாக நம்புகிறார்கள். இந்த நம்பிக்கை முற்றிலும் தவறு. அந்த எண், நரம்பைச் சீராக இழுத்தால் ஏறத்தாழ எந்த விசையில் அது அறும் என்பதை மட்டுமே சொல்கிறது. மீனின் உடலுக்குள் காற்றுப்பை இருப்பதால், நீருக்குள் இருக்கும்வரை அதன் எடை நரம்பின் மீது ஏறக்குறைய விழுவதே இல்லை. அது ஓடும்போதும் தலையை உதறும்போதும் உண்டாகும் இழுப்பைத்தான் நரம்பு தாங்குகிறது. அந்த இழுப்பை அளவோடு விட்டுக்கொடுப்பதற்காகத்தான் ரீலில் டிராக் என்ற தடையமைப்பு வைக்கப்பட்டிருக்கிறது. 8 பவுண்டு நரம்பில் 10 பவுண்டு மீனைப் பொறுமையாகக் கரைசேர்ப்பவர்கள் இந்த ஏரியிலேயே இருக்கிறார்கள்.

மீனின் எடையையே கணக்கில் எடுத்துக்கொண்டாலும் இந்த வாதம் நிற்காது. லார்ஜ்மவுத் பாஸ் மீனுக்கான உலகச் சாதனை 22 பவுண்டு 4 அவுன்ஸ். ஜார்ஜ் பெர்ரி 1932-இல் ஜார்ஜியாவில் பிடித்தது. 2009-இல் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிதா பிடித்த மீன் அதைவிட ஓர் அவுன்ஸுக்கும் குறைவாகவே கூடுதலாக இருந்ததால், விதிப்படி இரண்டும் சமமாகவே பதிவாகியுள்ளன. டெக்சாஸ் மாநிலச் சாதனை, இதே லேக் ஃபோர்க்கில் 1992-இல் பிடிபட்ட 18.18 பவுண்டு மீன். இப்படியிருக்க, 65 பவுண்டு நரம்பு எதற்காக விற்கப்படுகிறது என்று நீங்கள் கேட்க வேண்டும். அது தவளை வடிவ மிதவை லூர்களை (செயற்கை இரைகளை) அடர்ந்த நீர்ச்செடிகளின் மேல் இழுப்பதற்கானது; கொக்கியில் மாட்டிய மீனோடு சேர்ந்து வரும் கொடிகளையும் பாசியையும் அறுத்துக்கொண்டு வருவதற்கானது. அந்த வேலைக்கு ஹெவி வகைக் கோலும், தடித்த கம்பியில் செய்த கொக்கியும் வேண்டும். திறந்த நீரில், மீடியம் கோலில், சிறிய கிராங்க்பெய்ட்டோடு அந்த நரம்புக்கு எந்த வேலையும் இல்லை.

நன்றாகப் பொருத்தப்பட்ட தூண்டிலில், அதிக இழுப்பு வரும்போது முதலில் டிராக் வழுக்க வேண்டும். அதையும் மீறினால் நரம்பு அற வேண்டும். கோல் எந்நிலையிலும் உடையக் கூடாது. நீங்கள் நரம்பை மிகையாக வலுப்படுத்தி டிராக்கையும் இறுக்கிவிட்டால், உடையும் முறை கோலுக்கோ, கொக்கிக்கோ, மீனின் வாய்க்கோ வந்துவிடுகிறது. டிராக்கை வைக்க, நரம்பின் முனையை ஒரு கைத்தராசில் கட்டி இழுத்துப் பாருங்கள். நரம்பின் எண்ணில் ஏறத்தாழ கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரையிலான விசையில் ரீல் வழுக்கத் தொடங்கினால் போதும். 12 பவுண்டு நைலான் நரம்பு என்றால் 3 அல்லது 4 பவுண்டு. பின்னல் நரம்புக்கு அதன் எண்ணை வைத்து இந்தக் கணக்கைப் போடாதீர்கள். அங்கே கோலில் நரம்புக்கென்று எழுதியிருக்கும் எண்ணையே கணக்குக்கு அடிப்படையாகக் கொள்ளுங்கள். 30 பவுண்டு பின்னல் நரம்பின் பருமன் 8 பவுண்டு நைலானின் பருமன்தான் என்பதாலும், அது எழுதியிருக்கும் எண்ணைவிடக் கூடுதலான விசையில்தான் பெரும்பாலும் அறும் என்பதாலும், கண்ணால் பார்த்து அதன் வலுவை மதிப்பிடவே முடியாது.

கோலின் கைப்பிடிக்குச் சற்று மேலே இரண்டு அளவுகள் அச்சிடப்பட்டிருக்கும். ஒன்று நரம்புக்கானது, மற்றொன்று லூரின் எடைக்கானது. கடையில் கோல் வாங்குபவர்கள் நிறத்தையும் விலையையும் பார்க்கிறார்கள், இதைப் பார்ப்பதில்லை. லூரின் எடை கால் அவுன்ஸ் முதல் எட்டில் ஐந்து அவுன்ஸ் வரை என்று எழுதியிருந்தால் யாரும் படித்துக் குழம்ப வேண்டாம். ஏறத்தாழ 7 முதல் 18 கிராம் வரையிலான லூர்களை அந்தக் கோலால் வீசலாம் என்பதே பொருள். அதில் 28 கிராம் எடையுள்ள லூரை முழு விசையோடு வீசினால் கோல் வளைவதற்குப் பதில் முறியக்கூடும். 3 கிராம் லூரை வீசினால் அது பத்தடி தூரத்தில் விழும். கார்பன் இழைக் கோல் வளைவைத் தாங்கும், அடியைத் தாங்காது. படகின் விளிம்பில் ஒருமுறை மோதிய கோல், பல வாரங்கள் கழித்து ஒரு சிறிய மீனுக்கு முறியும்போது, மீனையோ கம்பெனியையோ குறை சொல்லிக்கொண்டு எங்களிடம் வருகிறார்கள். மேல் மூன்றில் ஒரு பங்கில் உடைந்து வரும் கோலைப் பார்த்தால், மீனைப் படகருகே கொண்டுவந்த பின் கோலைச் செங்குத்தாகத் தூக்கிப் பிடித்திருக்கிறார்கள் என்று நான் முதலில் சந்தேகிப்பேன். மீனைக் கோலால் தூக்காதீர்கள். நீருக்கு வெளியே வந்த கணத்திலேயே அதன் முழு எடையும் கோலின் மெல்லிய நுனிக்கு வந்துவிடும். வலையையோ கையையோ பயன்படுத்துங்கள்.

கொக்கிக்கும் கோலுக்கும் உள்ள பொருத்தத்தைப் பற்றி எவரும் என்னிடம் கேட்பதில்லை, ஆனால் மீன் தவறிப்போவதற்கான காரணம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. ஜிக் (தலையில் ஈயம் வைத்த கொக்கி), டெக்சாஸ் ரிக் (கொக்கி முனையை ரப்பர் புழுவுக்குள் மறைத்துக் கட்டுவது) போன்றவற்றில் தடித்த ஒற்றைக் கொக்கி இருக்கும்; அதை மீனின் தாடையில் இறக்க, நுனி மட்டும் வளையும் ஃபாஸ்ட் ஆக்‌ஷன் மீடியம் ஹெவி கோல் தேவை. கிராங்க்பெய்ட்டில் இருப்பவை மெல்லிய கம்பியாலான மும்முனைக் கொக்கிகள். அவை ஆழமாக இறங்காமல் தோலில் பற்றி நிற்பவை என்பதால், பாதிக் கோல்வரை வளைந்து இழுப்பை உள்வாங்கும் மாடரேட் ஆக்‌ஷன் கோலும், சற்று நீளும் நரம்பும் வேண்டும். நீளவே நீளாத பின்னல் நரம்பில் இவற்றை இழுத்தால் கொக்கி நிமிர்ந்துவிடும், அல்லது சதை கிழிந்து மீன் போய்விடும். லேக் ஃபோர்க்கில் 16 முதல் 24 அங்குலம் வரையுள்ள பாஸ் மீன்களை உடனே நீரில் விட்டுவிட வேண்டும் என்பது சட்டம். அப்படி விடப்படும் மீன் வாய் கிழிந்து போகாமலும், அறுந்த நரம்போடு லூரைச் சுமந்து திரியாமலும் இருப்பது நம் பொறுப்பு.

லூரின் நிறத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாஸ் மீனின் கண்ணில் நிறமறியும் செல்கள் இரண்டு வகைதான், சிவப்புக்கு ஒன்று, பச்சைக்கு ஒன்று. நாம் பிரித்துப் பார்க்கும் பல நிறங்களை அது பிரித்துப் பார்ப்பதில்லை. தெளிந்த நீருக்கு இயற்கையான மங்கல் நிறம், கலங்கிய நீருக்குக் கறுப்பு போன்ற அடர்நிறம் என்று இரண்டு மூன்று வைத்துக்கொண்டால் தொடங்குபவருக்கு அது போதும். நாற்பது நிறங்களில் ரப்பர் புழு வாங்கும் பணத்தில் ஒரு நல்ல வலையும், கம்பி வெட்டும் குறடும் வாங்குங்கள்.

டாலஸ் பக்கமிருந்து வார இறுதியில் வரும் நம்மவர்களுக்கு, முதல் செட்டாக 7 அடி நீள மீடியம் ஸ்பின்னிங் கோலும், அதில் 10 பவுண்டு நைலான் நரம்பும் போதும் என்று சொல்வேன். 10 கிராம் எடையுள்ள, சுழலும் தகடு கொண்ட ஒரு ஸ்பின்னர்பெய்ட், ஐந்து அங்குல ரப்பர் புழுக்கள், அவற்றுக்கு 3/0 அளவுக் கொக்கிகள், ஆழம் குறைந்த நீருக்கு ஒரு சிறிய கிராங்க்பெய்ட் ஆகியவற்றோடு தொடங்குங்கள். நம் ஊரில் மூங்கில் கழியில் தங்கூசி கட்டிப் பிடித்துப் பழகியவர்களுக்கு மீனின் போக்கு நன்றாகவே தெரியும்; ரீலையும் டிராக்கையும் மட்டும் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டும்.

இனி, அந்தக் கன்னத்துக் கொக்கிக்கு வருகிறேன். 1980-இல் அணை கட்டப்பட்டபோது லேக் ஃபோர்க்கில் ஏராளமான மரங்கள் வெட்டப்படாமல் நின்றபடியே மூழ்கின. ஆகவே இங்கே லூர் மரத்தில் மாட்டாமல் இருக்காது. மாட்டினால் கோலை வளைத்து வெடுக்கென்று இழுக்காதீர்கள். பின்னல் நரம்பு அறாது. கோலில் தேங்கிய விசை முழுவதும் லூர் விடுபடும் கணத்தில் அதை உங்கள் முகத்தை நோக்கி எறியும். படகை லூருக்கு மறுபக்கம் கொண்டுபோய் எதிர்த்திசையிலிருந்து இழுத்துப் பாருங்கள். அப்படியும் வராவிட்டால் கோலை லூரை நோக்கி நேராக நீட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, நரம்பை ஒரு மரத்துண்டில் சுற்றி மெல்ல இழுத்து அறுத்துவிடுங்கள். கையில் சுற்றினால் விரல் அறுபடும். ஏரியில் இருக்கும் நேரம் முழுவதும் கண்ணாடி அணியுங்கள்; பிள்ளைகளுக்கும் தவறாமல் அணிவியுங்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

கொக்கி கண்ணிலோ கண்ணருகிலோ ஏறியிருந்தால் எக்காரணத்தைக் கொண்டும் நீங்களே பிடுங்க முயலாதீர்கள். நரம்பைக் குறடால் வெட்டிவிட்டு, லூர் ஆடாதபடி பார்த்துக்கொண்டு, அழுத்தாமல் மருத்துவமனைக்குப் போங்கள். வீட்டில் உட்கார்ந்திருக்கும்போதே மும்முனைக் கொக்கிகளின் எதிர்முட்களைக் குறடால் நசுக்கி வைத்துவிட்டால், மீனிடமிருந்தும் மனிதரிடமிருந்தும் கொக்கியை எளிதாகக் கழற்றலாம். நரம்பு தளராமல் இருக்கும்வரை இதனால் மீன் எளிதில் தவறாது.