குழந்தைக்கு 120/80 நார்மல் இல்லை

மறுபடியும் ஓர் ஆறு வயதுக் குழந்தை. பழைய சீட்டில் ரத்த அழுத்தம் 122/82 என்று எழுதி, பக்கத்திலேயே ‘நார்மல்’ என்று போட்டிருக்கிறது. எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்துப் பார்த்தால், அழுத்தத்தை எதிர்த்தே உழைத்து இதயத்தின் இடது கீழறைச் சுவர் தடித்துப்போயிருக்கிறது. இப்படிப்பட்ட சீட்டுகளைப் பார்த்துப் பார்த்து மனசு வெறுத்துவிட்டது.

120/80 பெரியவர்களுக்கான அளவு. 13 வயதுக்குக் கீழே எல்லோருக்கும் பொதுவான ஒரு எண் கிடையவே கிடையாது. வயது, உயரம், ஆணா பெண்ணா என்ற மூன்றையும் வைத்து அட்டவணையில் பார்க்க வேண்டும். இந்த மூன்றிலும் ஒத்த நூறு பிள்ளைகளில் 95 பேரின் அளவைத் தாண்டி, அதுவும் மூன்று வெவ்வேறு நாட்களில் அப்படியே இருந்தால், அது உயர் ரத்த அழுத்தம். ஆறு வயதில் மேல் அளவு 105-ஐத் தொட்டாலே அட்டவணையைக் கையில் எடுத்தாக வேண்டும். 120 அங்கே நிச்சயமாக அதிகம்.

“நல்லா ஓடியாடி விளையாடுறானே டாக்டர்?” விளையாடுவான். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அறிகுறியே இருக்காது. “பம்பிங் 65 சதவீதம்னு ரிப்போர்ட்ல இருக்கே?” அதுவும் நார்மலாகவே இருக்கும். தடித்த சுவர் விறைத்துப்போவதால் முதலில் கெடுவது இதயம் சுருங்கும் வேலை இல்லை, தளரும் வேலை. தளர்ந்தால்தான் அடுத்த துடிப்புக்கு ரத்தம் நிரம்பும். சுருங்கும் திறன் குறையும்வரை காத்திருந்தால் ரொம்பத் தாமதம். இந்த நிலையிலேயே அழுத்தத்தைக் கட்டுக்குள் கொண்டுவந்தால் தடிப்பு பெரும்பாலும் குறைகிறது.

சக மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் ஒரு வார்த்தை. பெரியவர் கஃப்பை (அழுத்தம் அளக்கக் கையில் சுற்றும் பட்டை) சின்னக் கையில் சுற்றினால் அளவு குறைத்துக் காட்டும். சின்ன கஃப் கூட்டிக் காட்டும். கைச்சுற்றளவைப் பார்த்து கஃப்பை எடுங்கள். தொடையிடுக்கில் நாடித்துடிப்பைத் தொட்டுப் பாருங்கள். கையில் அழுத்தம் அதிகம், காலில் குறைவு என்றால் மகாதமனியில் (இதயத்திலிருந்து உடலுக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய்) சுருக்கம் இருக்கலாம். அதை மாத்திரையால் மட்டும் சரிசெய்ய முடியாது.

அழுகிற குழந்தையிடம் எடுத்த அளவை நம்ப வேண்டாம். அதற்காக, “அழுதான், அதான் ஏறியிருக்கு” என்று விட்டும்விடாதீர்கள். மடியில் உட்காரவைத்து, ஐந்து நிமிடம் அமைதியானதும் மறுபடி எடுங்கள்.

மூன்று வயதிலிருந்து வருடம் ஒருமுறை பார்த்தால் போதும். சிறுநீரகக் கோளாறு, உடல் பருமன், ஸ்டீராய்டு மருந்து என்று ஏதாவது இருந்தால் டாக்டரிடம் வரும் ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு மூன்று வயதுவரைகூடக் காத்திருக்க வேண்டாம்.

அப்புறம், பெற்றோருக்கு: அளவு சரியாகிவிட்டது என்று மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மருந்து வேலை செய்வதால்தான் அளவு இறங்கியிருக்கிறது. நிறுத்தலாமா என்று எங்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், சேர்ந்தே முடிவு செய்வோம்.