மெதுவாக மிதித்தால் தாங்கும் குழாய்

மிச்சிகன், ஒஹாயோ, மினசோட்டா போன்ற அமெரிக்க மாநிலங்களில் பத்துக் குளிர்காலங்களைக் கண்ட ஒரு பிக்கப் வண்டியின் அடியில் படுத்து, சேசிஸ் சட்டத்தின் ஓரமாக விளக்கை ஓட்டிப் பார்த்தால், பென்சிலைவிட மெல்லிய ஓர் எஃகுக் குழாய் பின்னச்சை நோக்கி நீள்வது தெரியும். அதன் வெளிவிட்டம் பெரும்பாலும் 4.75 மி.மீ.; சுவரின் கனம் ஏறத்தாழ 0.7 மி.மீ. பின்சக்கரங்களுக்குப் போகும் பிரேக் அழுத்தம் முழுவதையும் இந்தக் குழாய்தான் சுமக்கிறது. வண்டியிலுள்ள பிரேக் லைன்களில் இதுவே மிக நீளமானது என்பதால், சக்கரங்கள் வாரியடிக்கும் உப்புச் சேற்றில் மிகுதியாக நனைவதும் இதுவே.

பனியை உருக்கச் சாலையில் இடப்படும் உப்புகள் எல்லாம் ஒரே மாதிரியானவை அல்ல. நாம் சமையலில் பயன்படுத்தும் சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால்தான் நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடுங்குளிருக்காக அதனுடன் சேர்க்கப்படும் மக்னீசியம் குளோரைடோ 33 விழுக்காட்டிலேயே கசியத் தொடங்கிவிடும். அதாவது, சாலை காய்ந்து வெயில் அடிக்கும் நாளிலும் வண்டியின் அடிப்பாகம் ஈரமாகவே இருக்கிறது. குழாயைச் சட்டத்தோடு பிடித்து நிற்கும் பிளாஸ்டிக் கிளிப்புகளுக்கு அடியில் நிலைமை இன்னும் மோசம். அங்கே தேங்கும் சேற்றுக்குள் ஆக்சிஜன் குறைவாகவும் வெளியே மிகுதியாகவும் இருப்பதால், ஒரே குழாயின் இரு பகுதிகள் ஒரு மின்கலத்தின் இரு முனைகளைப் போல நடந்துகொள்கின்றன. கரைந்துபோகும் முனை கிளிப்பின் அடியில் அமைகிறது. குளோரைடு அயனிகள் அந்த இடுக்குக்குள் இழுக்கப்பட்டு, அங்குள்ள நீரை அமிலமாக்கி, அரிப்பை மேலும் விரைவுபடுத்துகின்றன. வெளியே பளிச்சென்று தெரியும் குழாய் கிளிப்பைக் கழற்றியதும் செதில் செதிலாக உதிர்வதற்குக் காரணம் இதுதான்.

இவ்வளவு அரிக்கப்பட்ட குழாய் ஏன் முன்பே உடையவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டிய கேள்வி. ஓட்டுநர் முழு வேகத்தோடு பெடலை மிதிக்கும்போது குழாய்க்குள் எழும் அழுத்தம் 100 பார் அளவுக்கு, அதாவது நம்மைச் சூழ்ந்துள்ள காற்றழுத்தத்தைப் போல ஏறக்குறைய நூறு மடங்குக்குப் போகலாம். புதிய குழாய்க்கு இது ஒரு பொருட்டே அல்ல: குழாயின் விட்டம் மிகச் சிறியது என்பதால், சுவரில் ஏற்படும் இழுவிசை சதுர மில்லிமீட்டருக்கு 25 நியூட்டன் அளவிலேயே நிற்கிறது, சாதாரண எஃகு நெளியத் தொடங்குவதற்கு 200 நியூட்டனாவது வேண்டும். துரு வெளியிலிருந்து தின்றுகொண்டே வந்து சுவரில் பத்தில் ஒரு பங்கை மட்டும் விட்டுவைத்தால், அதே மிதிக்கு இழுவிசை பத்து மடங்காகி எல்லையைத் தாண்டுகிறது. ஆனால் அன்றாடம் சிக்னலில் நிறுத்துவதற்கு நாம் மிதிப்பது 20 பார் அளவுக்குத்தான். அந்தக் காகித மெல்லிய சுவரும் அதைத் தாங்கிவிடும். துரு குழிகுழியாக அரிப்பதால் கணக்கு இவ்வளவு நேராக அமையாது என்றாலும், போக்கு இதுவே: நலிந்த குழாய் ஆயிரம் மென்மையான மிதிகளில் ஒன்றும் காட்டாமல் இருந்துவிட்டு, குறுக்கே மான் பாய்ந்த அந்த ஒரு கணத்தில் கிழிகிறது.

அப்போதும் வண்டி முற்றிலும் கைவிடுவதில்லை. பெடலின் மிதியைத் திரவ அழுத்தமாக மாற்றும் மாஸ்டர் சிலிண்டருக்குள் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு பிஸ்டன்கள் உள்ளன. பிக்கப்களில் ஒன்று முன்சக்கரங்களையும் மற்றொன்று பின்சக்கரங்களையும் கவனிப்பது வழக்கம். பின் லைன் கிழிந்தால் பெடல் திடீரென்று ஆழமாக இறங்கும். எச்சரிக்கை விளக்கு எரியும். முன் பிரேக்குகள் மட்டும் பிடிக்கும். நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு எப்போதும் முன்சக்கரங்களுடையது என்றாலும், பின்னால் சுமை ஏற்றிய வண்டி அந்த நிலையில் நிற்க எடுத்துக்கொள்ளும் தூரம் கணிசமாகக் கூடிவிடும்.

ஜெனரல் மோட்டார்ஸின் பெரிய பிக்கப்களில் இவ்வாறு குழாய்கள் கிழிவதாக வந்த புகார்களை 2010 முதல் ஆராய்ந்த அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம், வண்டிகளைத் திரும்பப் பெறும்படி உத்தரவிடாமலேயே 2015 ஏப்ரலில் ஆய்வை முடித்துக்கொண்டது. இது வயதான வண்டிகளுக்குப் பொதுவான தேய்மானம் என்பது அதன் நிலைப்பாடு. உரிமையாளர்களுக்கு இது மனக்குறையாக இருந்திருக்கும். ஆயினும் செதில் உதிரும் குழாயைக் கண்டால் துண்டு போடாமல் முழுத் தொகுதியையும் மாற்றுங்கள் என்று அது சொன்ன அறிவுரை சரியானதே. ஒட்டுப்போட்ட இடத்துக்கு ஒரு சாண் தள்ளி இருப்பதும் அதே வயதுடைய, அதே உப்பில் ஊறிய குழாய்தானே.

மாற்றும்போது எந்த உலோகத்தைத் தேர்வது என்பது முதல் முடிவு. தூய செம்பு துருப்பிடிக்காது, ஆனால் அதிர்வில் இறுகி விரிசல் விடும். செம்போடு ஏறத்தாழ 10 விழுக்காடு நிக்கலும் சிறிது இரும்பும் சேர்ந்த கலவை, கடல்நீரைக் கையாளும் கப்பல் குழாய்களில் பெயர் பெற்றது. வோல்வோ நிறுவனம் 1970களிலேயே அதைப் பிரேக் லைன்களுக்குக் கொண்டுவந்தது. கையாலேயே வளைக்கலாம் என்பதால், பெட்ரோல் டேங்குக்கு மேலாக நெளித்து நுழைக்க வேண்டிய பிக்கப்களில் இதைவிட வசதியான பொருள் வேறில்லை என்பேன்.

பழைய லைனைக் கழற்றும் முன் பிரேக் பெடலை ஒரு குச்சியால் சற்று அழுத்தி முட்டுக்கொடுத்து வைப்பது பழகிய மெக்கானிக்குகளின் வழக்கம். பெடல் கொஞ்சம் இறங்கினாலே பிஸ்டனின் ரப்பர் வளையம், மேலேயுள்ள ஆயில் டப்பாவிலிருந்து திரவம் வரும் துளையைக் கடந்துவிடுவதால், டப்பா காலியாவதில்லை, சக்கரங்கள் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். தொகுதிக்குள் காற்று புகும் வாய்ப்பும் குறைகிறது. இதைச் செய்யாமல் அந்தத் தொகுதிக்குள் காற்று நுழைந்துவிட்டால், அதன் வால்வுகளைக் கணினிக் கருவியால் இயக்கித்தான் வெளியேற்ற வேண்டியிருக்கும்.

குழாயின் நுனியைக் கூம்பாக விரிப்பதுதான் கைத்திறன் கேட்கும் கட்டம். இந்த ஃபிளேரை ஒரே மடிப்பாக விரித்தால் விளிம்பு இழுபட்டு மெலிந்து வெடிக்கும். ஆகவே முதலில் நுனியை உள்நோக்கிச் சுருட்டி, பிறகு அதையே 45 பாகைக் கூம்பாக அழுத்தி, இரட்டைக் கனமுள்ள இருக்கையாக்குகிறார்கள். நட்டை இறுக்கும்போது அந்த மடிப்பு நசுங்கிப் பொருந்தித் திரவத்தை அடைக்கிறது. காளான் போல உப்பிய வேறொரு ஃபிளேரும் உண்டு; ஒரே வண்டியிலேயே இரண்டும் இருக்கக்கூடும், ஒன்று மற்றொன்றின் இருக்கையில் அடையாது. விரிக்கும் முன் நட்டைக் குழாயில் கோத்தோமா என்று பார்ப்பது நல்லது. அதை மறந்து அழகான ஃபிளேரை வெட்டி எறியாத மெக்கானிக் இருக்கமாட்டார். தண்ணீர்க் குழாய்க்குரிய, வளையத்தை நசுக்கிப் பிடிக்கும் இணைப்புகள் இங்கே ஆகவே ஆகா. அந்த அழுத்தத்தில் குழாய் உருவிக்கொண்டு வரும்.

கடைசியாக ஏர் எடுக்க வேண்டும், அதாவது குழாய்களுக்குள் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். நம் ஊர் மெக்கானிக்குகளின் இந்தச் சொல் வேலையின் சாரத்தை அப்படியே சொல்கிறது: திரவம் சுருங்காது, காற்று சுருங்கும், குழாயில் ஒரு குமிழி இருந்தாலும் கால் தரும் அசைவை அது விழுங்கிவிடும். வழக்கமாக மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தொலைவிலுள்ள சக்கரத்தில் தொடங்கி, குமிழியில்லாத புதிய ஆயில் வரும்வரை தொடர வேண்டும். அதன்பின் வண்டி நின்ற இடத்திலேயே எஞ்சினை ஓடவிட்டு, ஒருவர் பெடலைத் தம் பலம் கொண்டமட்டும் மிதித்து ஒரு நிமிடம் பிடித்திருக்க, மற்றவர் ஒவ்வொரு நட்டையும் உலர்ந்த காகிதத்தால் துடைத்துப் பார்க்க வேண்டும். காகிதம் நனைந்தால் அந்த இணைப்பைக் கழற்றி, ஃபிளேரை மறுபடி செய்ய வேண்டியதுதான்.