புதுப் பிடி போட்ட மடக்குக்கத்தி ஏன் மடிந்தது?

போன ஐப்பசியில் ஒரு தம்பி என் பட்டறைக்கு வந்தார். வலது கை ஆட்காட்டி விரலில் பெரிய கட்டு. இடது கையால் பையைத் துழாவி ஒரு மடக்குக்கத்தியை எடுத்து மேசைமேல் வைத்தார். கருங்காலிப் பிடி. கத்தியோடு வந்த பிளாஸ்டிக் பிடியைக் கழற்றிவிட்டு, அவரே கட்டை வாங்கி அறுத்து, இழைத்து, எண்ணெய் தேய்த்து மாட்டியது. உண்மையிலேயே அழகான வேலை. “அண்ணே, திறந்ததும் டக்குன்னு பூட்டு விழுந்த சத்தம் கேட்டுச்சு. அட்டைப்பெட்டி கிழிச்சிக்கிட்டு இருந்தேன், அப்படியே மடிஞ்சிடுச்சு” என்றார். ஐந்து தையல்.

கத்தி தீட்டுவதும் பழுதுபார்ப்பதும்தான் என் தொழில். கொஞ்ச வருடங்களாக இப்படிப் பிடி மாற்றிய கத்திகள் நிறைய வருகின்றன. பிடி மாற்றாதீர்கள் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. தான் இழைத்த கட்டையைத் தன் உள்ளங்கையிலேயே பிடித்துப் பார்க்கும் சந்தோஷம் எனக்கும் தெரியும். ஆனால் வருகிறவர்களில் பலர் பிடியை ஒரு மேல்சட்டை மாதிரி நினைக்கிறார்கள். அங்கேதான் விரல் போகிறது.

பிடியின் இரு பக்கமும் இருக்கும் தகட்டை ஸ்கேல் என்பார்கள். சில கத்திகளில் அது வெறும் தோல். கழற்றிவிட்டாலும் கத்தி கத்தியாகவே நிற்கும். வேறு சில கத்திகளில் அதுவே எலும்பு. கழற்றிய அடுத்த நொடி அலகு, வில் (ஸ்பிரிங்), வாஷர் எல்லாம் மேசையில் உதிர்ந்துவிடும். திருப்புளியைக் கையில் எடுக்கும் முன் உங்கள் கத்தி இதில் எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள்.

தோல் வகைக்கு நல்ல உதாரணம் சுவிஸ் பேனாக்கத்தி. ஈபாக் ஊரில் கார்ல் எல்சனர் 1897இல் பதிவு செய்த அதிகாரிகள் கத்தியின் வழியில் வந்த விக்டோரினாக்ஸ். நம்மிடம் அதிகம் இருப்பது 91 மில்லிமீட்டர் நீளமுள்ள, செல்லிடார் என்ற பிளாஸ்டிக்கில் சிவப்புப் பிடி போட்டது. அந்தச் சிவப்புத் தகட்டை யாரும் திருகவில்லை. அலகுகளையும் வில்களையும் கோத்திருக்கும் ஆணிகளின் முனை உலோகத் தகட்டுக்கு வெளியே கொஞ்சம் புடைத்திருக்கும். பிடியின் உள்பக்கக் குழிகள் அந்தப் புடைப்பில் அழுந்தி உட்கார்ந்திருக்கின்றன, அவ்வளவுதான். அதனால் அலகைத் தொடாமலே பிடியை மாற்றலாம். முதல் முறை செய்பவர்களுக்கு நான் இதைத்தான் கொடுப்பேன்.

அதிலும் அவசரம் கூடாது. குளிர்ந்திருக்கும் செல்லிடார் நெம்பினால் விரிசல் விடும். முடி உலர்த்தும் கருவியால் ஓரிரு நிமிடம் சூடு காட்டுங்கள். கை பொறுக்கும் சூடு போதும். பிறகு சிவப்புப் பிடிக்கும் உள்ளே இருக்கும் உலோகத்துக்கும் நடுவே மெல்லிய தகடு ஒன்றைச் செருகி, ஆணி இருக்கும் இடங்களில் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்குங்கள். பிடியில் செருகியிருக்கும் பல்குச்சியையும் சாமணத்தையும் முதலிலேயே உருவி வைத்துவிடுங்கள். நெம்பும் கை வழுக்கும் திசையில் இன்னொரு கை இருக்கக் கூடாது. பட்டறைக்கு வரும் காயங்களில் பல இந்த இடத்தில் பட்டவைதான். திறந்த அலகால் வந்ததில்லை, நெம்பிய தகடு வழுக்கி மறுகையில் ஏறியது.

அதே கம்பெனியின் அலுமினியப் பிடி போட்ட 93 மில்லிமீட்டர் கத்தி அப்படியில்லை. அதில் பிடிக்குள்ளேயே ரிவெட் அடித்திருக்கும். ஆணியை அறுக்காமல் பிடி வராது. ஆணி போனால் முதுகு வில் அழுத்தத்தோடு எகிறும். பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் அதைச் செய்யவே செய்யாதீர்கள். ஆணித் தலையைச் சாணையில் வைத்துத் தேய்ப்பவர்கள் இன்னொன்றையும் மறக்கிறார்கள். விக்டோரினாக்ஸ் அலகை 1040 டிகிரி செல்சியஸில் சூடேற்றிக் கடினமாக்கி, 160 டிகிரியில் பதப்படுத்துகிறார்கள். சாணைச் சூடு அந்த 160ஐச் சுலபமாகத் தாண்டிவிடும். அப்புறம் எத்தனை முறை தீட்டினாலும் அந்த இடத்தில் கூர் நிற்காது.

திருகு போட்ட நவீன மடக்குக்கத்திகளில் பாதிச் சண்டை திருகோடுதான். நட்சத்திரத் தலை, பெரும்பாலும் டி6, டி8 அளவு. தொழிற்சாலையில் திருகுப்பசை வைத்து முறுக்கியிருப்பார்கள். மலிவான திருப்புளியை வைத்து முறுக்கினால் தலை வழித்துக்கொண்டு போகும். சால்டரிங் அயர்ன் முனையைத் திருகுத் தலையில் கொஞ்ச நேரம் வைத்தால் பசை இளகும். பிறகு திருப்புளியை நேராக அழுத்தித் திருகுங்கள். இதையெல்லாம் தொடங்கும் முன் அலகின் கூரை மாஸ்கிங் டேப்பால் இரண்டு சுற்று சுற்றிவிடுங்கள். இருபது ரூபாய் டேப். நான் இன்றைக்கும் சுற்றாமல் ஒரு கத்தியைப் பிரிப்பதில்லை. பிரிக்கும்போது ஒவ்வொரு படியையும் கைபேசியில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். எந்த வாஷர் எந்தப் பக்கம் இருந்தது என்று திரும்பக் கோக்கும்போது நிச்சயம் சந்தேகம் வரும். பிரித்தாலே வாரன்டி போகும் கம்பெனிகளும் உண்டு. அதையும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது தம்பியின் கத்திக்கு வருகிறேன். அது லைனர் லாக் வகை. இன்றைய வடிவத்தில் அதை 1980களின் தொடக்கத்தில் கொண்டுவந்தவர் அமெரிக்கக் கத்திக் கலைஞர் மைக்கேல் வாக்கர். பிடிக்கு உள்ளே இருக்கும் உலோகத் தகட்டில் ஒரு நீண்ட இலையை வெட்டி, உள்நோக்கி வளைத்திருப்பார்கள். அலகு முழுதாகத் திறந்ததும் அந்த இலை தாவி அலகின் அடிக்குப் பின்னால் வந்து நிற்கும். அலகை மடியவிடாமல் தாங்குவது அந்த ஓர் இலைதான். கால்வாசி முதல் பாதிவரையாவது அது அலகின் அடிக்குக் கீழே வர வேண்டும்.

நான் திறந்து பார்த்தபோது இலை விளிம்பை மட்டும் தொட்டுக்கொண்டிருந்தது. கருங்காலித் தகட்டைக் கழற்றியதும் காரணம் தெரிந்தது. திருகு மட்டும் போதாது என்று எபாக்சி பசையும் தடவியிருந்தார். முறுக்கியபோது பசை பிதுங்கி, இலையின் அடிப்பக்கம் கசிந்து, அங்கேயே இறுகிவிட்டது. பாதி நீளம் மரத்தோடு ஒட்டிக்கொண்டது. மீதிப் பாதி மட்டும்தான் வளைந்தது. சத்தம் கேட்டது நிஜம். ஆனால் இலை போக வேண்டிய தூரம் போகவில்லை.

பூட்டு இலை இருக்கும் பக்கத்தில் பசை வேண்டாம். திருகு மட்டும் போதும். எதிர்ப்பக்கம் ஒட்டித்தான் ஆக வேண்டும் என்றால், அலகு சுழலும் இடத்தைச் சுற்றி மெழுகு தடவிவிட்டு, குறைவாகப் பசை வையுங்கள். திருகுப்பசைகூட ஊசி முனையளவுதான். சில வகைப் பிளாஸ்டிக்கில் அது பட்டால் நாளாக ஆக விரிசல் விடும்.

கோத்து முடித்ததும் பெட்டியைக் கிழிக்க ஓடாதீர்கள். டேப்பை அவிழ்க்காமலே பத்து முறை மெதுவாகத் திறந்து மூடி, ஒவ்வொரு முறையும் இலை எங்கே நிற்கிறது என்று வெளிச்சத்தில் பாருங்கள். பிறகு அலகு மடியும் பாதையில் ஒரு விரலும் இல்லாதபடி பிடித்துக்கொண்டு, அலகின் முதுகை ஒரு மரக்கட்டையில் வைத்து நிதானமாக அழுத்துங்கள். ஓங்கி அடிக்க வேண்டாம், அது பூட்டையே கெடுக்கும். கடைசியாக மூடிய கத்தியைத் தலைகீழாகப் பிடித்து லேசாக உலுக்குங்கள். அலகு தானாக வெளியே வந்தால் அந்தக் கத்தி சட்டைப்பைக்கு ஆகாது.

பிடித் தகட்டை இழைக்கும்போது பறக்கும் தூசியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. மரம் தவிர பிடிக்கு வாங்கும் பொருள்களில் ஜி-10 என்பது கண்ணாடி இழையும் எபாக்சியும். மைக்கார்டா என்பது துணியோ காகிதமோ ஃபீனால் பிசினில் ஊறி இறுகியது. கார்பன் ஃபைபர் தூசி மின்சாரம் கடத்தும், மோட்டாருக்குள் போனால் அதையும் கெடுக்கும். இவற்றை உலர்வாக உப்புத்தாள் போட்டு, வெறும் கைக்குட்டை கட்டிக்கொண்டு தேய்ப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்குகிறது. தண்ணீரில் நனைத்துத் தேய்யுங்கள். குறைந்தது என்95 முகக்கவசம் போடுங்கள். வீட்டுக்குள், குழந்தை இருக்கும் அறையில் வேண்டவே வேண்டாம். மரம் இயற்கையானதுதானே என்று கேட்கிறார்கள். ஈட்டி மரத்தூளும் கருங்காலித்தூளும் பலருக்குத் தோலில் அரிப்பும் மூக்கில் எரிச்சலும் கொண்டுவரும். எனக்குக் கருங்காலி ஆகாது. மாலைக்குள் கண் சிவந்துவிடும்.

மான் கொம்பும் யானைத் தந்தமும் கேட்டு வருபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒரு காலத்தில் நம் கடமான் கொம்பு இங்கிலாந்தின் ஷெஃபீல்டு, ஜெர்மனியின் சோலிங்கன் பேனாக்கத்திகளுக்கெல்லாம் பிடியாகப் போனது உண்மைதான். இன்று வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972இன்படி அதை வாங்குவதும் விற்பதும் குற்றம். தாத்தா வைத்திருந்தது என்று கொண்டுவந்தாலும் நான் தொடுவதில்லை. புளியமரத்தின் வைரம் பாய்ந்த கட்டை இருக்கிறது. அதன் கருஞ்சிவப்பு வரி கொம்பைவிட எனக்கு அழகாகத் தெரிகிறது.

வெட்டுப்பட்டால் சுத்தமான துணியால் பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். பிறகு விரல் நுனி மரத்திருக்கிறதா, ஒவ்வொரு கணுவும் மடங்கி நிமிர்கிறதா என்று பாருங்கள். மரத்திருந்தாலோ கணு மடங்கி நிமிராவிட்டாலோ நரம்போ தசைநாணோ அறுந்திருக்கலாம். வீட்டில் கட்டுப்போட்டுக் காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். சென்னையில் ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கை அறுவைச் சிகிச்சைக்கென்றே தனிப் பிரிவு உண்டு. டெட்டனஸ் ஊசியையும் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.

தம்பிக்கு நரம்பு தப்பியது. கத்தியைச் சூடு காட்டிப் பசையை இளக்கி, இலையின் பின்புறத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்தேன். கருங்காலித் தகட்டின் உள்பக்கத்தில், இலை இருக்கும் இடத்தில் மெல்லிய பள்ளம் ஒன்றை எடுக்கச் சொன்னேன். தையல் பிரித்த பிறகு அவரே வந்து என் மேசையில் உட்கார்ந்து எடுத்தார். திருகு மட்டும் போட்டுக் கோத்தோம். இலை அலகின் அடியில் பாதிவரை வந்து நின்றது. அதை அவர் வெளிச்சத்தில் நாலு முறை திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் டேப்பை அவிழ்த்தார்.