பிழை நாணயத்துக்குத் தரச்சான்று வாங்கலாமா?

1955-ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நாணயச்சாலையில் அடிக்கப்பட்ட லிங்கன் ஒரு சென்ட் காசுகளில் இருவகை இரட்டிப்புகள் உண்டு. ஒருவகையில் ஆண்டெண்ணும், ‘லிபர்ட்டி’ என்ற சொல்லும், மேல்விளிம்பை ஒட்டிய வாசகமும் வெறுங்கண்ணுக்கே இரண்டிரண்டாகத் தெரியும். நல்ல நிலையில் கிடைத்தால் அந்தக் காசு ஆயிரம் டாலருக்கு மேல் விலைபோகும். மற்ற வகையில் ஆண்டெண்ணின் கடைசி 5 மட்டும் லேசாக நிழல் தட்டியதுபோல் இருக்கும். ‘ஏழையின் இரட்டை அச்சு’ என்று சேகரிப்பாளர்கள் கேலியாக அழைக்கும் அதற்குக் கிடைப்பது சில்லறைதான். ஒரே ஆண்டில், ஒரே நாணயச்சாலையில் பிறந்த இவ்விரண்டுக்கும் இத்தனை விலை வேறுபாடு ஏன் என்று கேட்டால், இரட்டிப்பு உற்பத்தியின் எந்தக் கட்டத்தில் நேர்ந்தது என்பதே விடை. நாணயச்சாலையிலேயே தவறாக அடிபட்ட ஒரு பிழை நாணயத்தைப் பணம் கட்டித் தரச்சான்றுக்கு அனுப்பலாமா என்ற கேள்வியையும் அங்கிருந்தே தொடங்க வேண்டும்.

காசை அடிக்கும் எஃகு அச்சில் உருவம் குழிவாக இருக்கும். உருவம் புடைத்து நிற்கும் ஒரு தாய் அச்சைப் பெரும் விசையுடன் அதன்மீது அழுத்தியே அந்தக் குழிவை உண்டாக்குகிறார்கள். அக்காலத்தில் ஒரே அழுத்தத்தில் முழு ஆழமும் பதியாது. முதல் அழுத்தத்திலேயே எஃகு இறுகிவிடும் என்பதால், அச்சை உலையில் சூடாக்கி, மெல்ல ஆறவைத்து, இளகிய நிலையில் மறுபடியும் தாய் அச்சின்கீழ் வைப்பார்கள். அப்படி வைக்கும்போது சற்றே திரும்பியிருந்தால், காகிதத்தில் ரப்பர் முத்திரையை இருமுறை குத்தியதைப் போல, பழைய பதிவின் பக்கத்தில் புதிய பதிவு விழுந்துவிடும். இதையே ‘இரட்டை அச்சு’ என்கிறார்கள்; 1955-இல் நடந்தது இதுவே. மையத்தைச் சுற்றித் திரும்பியதால், விளிம்பருகே உள்ள எழுத்துகள் நன்றாக விலகி நிற்கின்றன. நடுவில் இருக்கும் லிங்கனின் முகத்தில் விலகல் குறைவு. பிழை கண்டுபிடிக்கப்பட்டபோது அந்தக் காசுகள் நல்ல காசுகளோடு கலந்துவிட்டிருந்தன; எல்லாவற்றையும் உருக்குவதைவிடப் புழக்கத்தில் விட்டுவிடலாம் என்று அதிகாரிகள் முடிவெடுத்தனர். அவ்வாறு வெளியே சென்றவை 20,000 முதல் 24,000 வரை இருக்கலாம் என்பது மதிப்பீடு.

‘ஏழையின் இரட்டை அச்சு’ அப்படிப்பட்டதல்ல. ஓர் அச்சு லட்சக்கணக்கான காசுகளை அடித்து ஓய்ந்த நிலையில், உலோகம் உரசி உரசி அதன் எழுத்தோரங்கள் தேய்ந்து அகன்றுவிடுகின்றன. அந்தத் தேய்மானமே காசில் நிழலாகத் தெரிகிறது. இதனினும் அதிகமாக ஏமாற்றுவது ‘இயந்திர இரட்டிப்பு’. இறுக்கம் தளர்ந்த அச்சு, அடித்து முடித்த கணத்தில் சற்று நகர்ந்து, அப்போதுதான் எழும்பிய எழுத்தின் ஓரத்தைத் தட்டையாக வழித்துவிடும். உருப்பெருக்கிக் கண்ணாடியின்கீழ் வைத்தால் வேறுபாடு தெளிவாகும்: உண்மையான இரட்டை அச்சில் இரண்டாவது உருவமும் உருண்டு திரண்டிருக்கும், எழுத்தின் முனைகளில் பிளவு தெரியும், எழுத்து வழக்கத்தைவிட அகன்றிருக்கும், இயந்திர இரட்டிப்பிலோ எழுத்து மெலிந்து, அதன் பக்கத்தில் தாழ்வான தட்டைப் படி ஒன்று மட்டும் இருக்கும். இந்த ஒரு சோதனையை வீட்டிலேயே செய்துவிட்டால், வீணாகச் செலவாகும் கட்டணத்தின் பெரும்பகுதி மிஞ்சும் என்பது என் கருத்து.

நாணயச்சாலையை விட்டு வெளியே வந்தபின் நேர்ந்த எதுவும் பிழையல்ல, சேதமே. துணி உலர்த்தும் இயந்திரத்துக்குள் சிக்கி நெடுநாள் உருண்ட காசின் விளிம்பு உட்புறமாகத் தடித்துவிடும். பார்ப்பதற்கு வினோதமாக இருக்கும் அதைப் பிழை நாணயம் என்று நம்பி எடுத்து வருவோர் ஏராளம். பிறை வடிவில் ஓரம் வெட்டுண்ட காசு உண்மையானதா என்பதைக் காசே பெரும்பாலும் சொல்லிவிடும். அச்சடிக்கும் முன் வெற்று வில்லையை உருட்டி விளிம்பு எழுப்பும்போது, ஒருபுறம் வெட்டு இருந்தால் அதற்கு நேர் எதிர்ப்புறம் போதிய அழுத்தம் கிடைக்காமல் விளிம்பு மங்கிவிடும். பிற்பாடு கத்தரித்த காசில் எதிர்ப்புற விளிம்பு முழுமையாகவே இருக்கும். இத்தகைய சாதாரண வெட்டுப் பிழை சில டாலர்களுக்கே விற்கும். தரச்சான்றுக் கட்டணம், பிழையைப் பெயர் குறித்து எழுதத் தனிக் கட்டணம், காப்பீட்டுடன் கூடிய அஞ்சல் செலவு எல்லாம் சேர்ந்தால் காசின் விலையை எளிதாகத் தாண்டிவிடும்.

அந்தச் செலவுக்கு ஈடாகக் கிடைப்பது ஒரு நிபுணர் குழுவின் கருத்து. 1986-இல் தொடங்கிய பி.சி.ஜி.எஸ்., 1987-இல் தொடங்கிய என்.ஜி.சி. ஆகிய இரு நிறுவனங்களும் காசு உண்மையானதா என்று பார்த்து, 1949-இல் வில்லியம் ஷெல்டன் வகுத்த 1 முதல் 70 வரையிலான அளவுகோலின்படி அதன் நிலைக்கு எண் கொடுத்து, பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து முத்திரையிட்டு அனுப்புகின்றன. செப்புக் காசானால் சிவப்பு, செம்பழுப்பு, பழுப்பு என நிறமும் குறிக்கப்படும். தேய்த்துக் கழுவிய காசுக்குப் பொதுவாக எண் கிடைக்காது. ‘விவரம் மட்டும்’ என்ற குறிப்போடு திரும்பிவரும். பளபளப்பாக்கி அனுப்பலாம் என்ற எண்ணத்தைப் போல் காசைக் கெடுப்பது வேறொன்றில்லை.

அப்படியானால் எதை அனுப்ப வேண்டும்? விலை அதிகமாகவும், போலி செய்வது எளிதாகவும் உள்ள காசையே அனுப்ப வேண்டும். 1943-இல் போருக்குச் செம்பு தேவைப்பட்டதால் சென்ட் காசுகள் துத்தநாகம் பூசிய எஃகில் அடிக்கப்பட்டன; முந்தைய ஆண்டின் வெண்கல வில்லைகள் மிகச் சில கலந்துபோய், இன்று பெருவிலை பெறும் வெண்கல 1943 காசுகளாயின. எஃகுக் காசுக்குச் செப்பு முலாம் பூசிய போலியைக் காந்தமே பிடித்துவிடும், எடையும் 3.11 கிராமுக்குப் பதிலாக 2.7 கிராமை ஒட்டியே நிற்கும். ஆனால், 1948-ஆம் ஆண்டுக் காசின் 8-ஐச் செதுக்கி 3 ஆக்கியிருந்தால், உலோகமும் எடையும் அசலுக்கு உரியவையாகவே இருப்பதால் இரண்டு சோதனைகளிலும் அது தேறிவிடும். அங்கே 3 என்ற எண்ணின் வடிவத்தையும் அதைச் சுற்றியுள்ள பரப்பையும் பழகிய கண் பார்த்தாக வேண்டும். 1955 இரட்டை அச்சுக்கும் இதுவே பொருந்தும். அதன் போலிகள் பல உலவுவதால், பின்புறத்தில் ‘சென்ட்’ என்ற சொல்லின் ‘டி’ எழுத்தருகே அச்சு விட்டுச் சென்ற மெல்லிய கோடுகளை வாங்குவோர் தேடுகிறார்கள், சான்றுறை இல்லாவிட்டால் விலை கொடுக்கத் தயங்குகிறார்கள்.

அனுப்பத் துணிந்தால் விண்ணப்பத்தில் பிழையின் வகையைக் குறிப்பிட்டு, அதைப் பெயரிட்டு எழுதும்படி கேட்க வேண்டும்; கேட்காவிட்டால், காசு அதே ஆண்டின் சாதாரணக் காசு என்ற சீட்டோடு உறைக்குள் திரும்பிவரக்கூடும்.