பால் பைத்தான் (ball python) குட்டி ஏன் சாப்பிட மறுக்கிறது?

பால் பைத்தான் என்பது பந்து போலச் சுருண்டுகொள்ளும் ஆப்பிரிக்க மலைப்பாம்பு. செத்து ஆறிப்போன எலிக்குட்டியை இடுக்கியால் பிடித்து அதற்கு நீட்டுகிறோம். பால் பைத்தான் குட்டி இரண்டு தரம் நாக்கை நீட்டிப் பார்த்துவிட்டு, தலையைச் சுருளுக்குள் இழுத்துக்கொள்கிறது. அடம் பிடிக்கிறது என்று நினைத்துவிடுகிறோம். பாவம், அதன் கணக்கில் எதிரே இருப்பது இரையே இல்லை.

அதன் மேலுதட்டை உற்றுப் பாருங்கள். வரிசையாகச் சின்னச் சின்னக் குழிகள் தெரியும். எலி, பறவை போன்ற வெப்ப ரத்தப் பிராணி அருகில் வந்தால், அதன் உடம்புச் சூட்டை இந்தக் குழிகளில் உள்ள நரம்புகள் உணர்ந்துவிடும். வாசனையை நாக்கு சொல்லும். கும்மிருட்டில் எங்கே பாய வேண்டும் என்பதைச் சூடு சொல்லும். ஆறிப்போன எலியில் வாசனை மட்டும்தான் இருக்கிறது. அதனால் உறைந்த எலியை ஃபிரிட்ஜில் வைத்து உருக்கி, அப்புறம் பையோடு வெந்நீரில் போட்டு, தலைப்பக்கம் நன்றாகச் சூடேறியதும் நீட்ட வேண்டும். மைக்ரோவேவ் வேண்டவே வேண்டாம்.

முட்டையிலிருந்து வந்த குட்டிக்கு முதல் சில நாள் இரை தேவையில்லை. வயிற்றில் மஞ்சள் கரு மிச்சம் இருக்கும். முதல் சட்டையை உரித்த பிறகுதான் பசி. அதன்பின் ஐந்து முதல் ஏழு நாளுக்கு ஓர் இரை. இரை, பாம்பின் பருத்த இடத்து அகலம் இருந்தால் போதும்.

சரி, விழுங்கிவிட்டது. செரிப்பதற்கும் சூடு வேண்டும், அதை அதன் உடம்பு தானாக உண்டாக்காது. கூண்டின் ஒரு பக்கம் 31 முதல் 33 டிகிரி, மறுபக்கம் 25 முதல் 27 டிகிரி செல்சியஸ் இருக்கட்டும். குளிர்ந்துபோனால் வயிற்றிலேயே இரை அழுகிவிடும், குட்டி கக்கிவிடும். உண்ட இரண்டு நாள் கையில் எடுத்துக் கொஞ்சுவதும் கூடாது. கக்கிய குட்டிக்கு மறுநாளே இரை கொடுக்காதீர்கள். தொண்டை புண்பட்டிருக்கும், பத்து நாளாவது விடுங்கள்.

கானா, டோகோ, பெனின் நாடுகளில் இவை எலி வளைகளிலும் கறையான் புற்றுகளிலும் வாழ்கின்றன. கறையான் புற்றெடுக்கப் பாம்பு குடிபுகுந்த கதை அங்கேயும் உண்டு. அதனால் உடம்பைச் சுற்றிலும் சுவர் உரசினால்தான் இவற்றுக்கு நிம்மதி. மறைவிடத்தைக் குளிர்ந்த பக்கம் மட்டும் வைத்தால், பயந்த குட்டி சூட்டை விட்டுவிட்டு அங்கேயே கிடக்கும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இறுக்கமான மறைவிடம் வையுங்கள்.

இவ்வளவும் செய்து, எலியைத் தொடவில்லையா? காட்டில் 70 செ.மீ.க்குக் குறைவான பைத்தான்களின் முக்கிய உணவு பறவைகள். சூடான எலியைக் கோழிக்குஞ்சின் இறகில் தேய்த்து, இருட்டிய பிறகு நீட்டிப் பாருங்கள்.