பொதியாடு வளர்ப்போர் கவனத்துக்கு: காயடித்த கிடாவின் சிறுநீர் அடைப்பு

கடந்த ஆண்டு இலையுதிர் காலத்தில், ஒரு சனிக்கிழமை மாலை மருத்துவமனையைப் பூட்டும் நேரத்தில், சாடூத் மலைத்தொடரில் நான்கு நாள் நடந்துவிட்டுத் திரும்பிய ஒருவர் தம் ஆட்டை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். ஆல்பைன் கலப்பினத்தில் பிறந்த, ஐந்து வயதான, 95 கிலோ எடையுள்ள காயடித்த கிடா அது. "மலச்சிக்கல் என்று நினைக்கிறேன், நேற்று முதல் முக்கிக்கொண்டே இருக்கிறான், எண்ணெய் கொடுத்தும் பயனில்லை" என்றார். ஆடு பின்கால்களை அகட்டி நின்று, வாலை விடாமல் அசைத்து, பல்லைக் கடித்து முனகிக்கொண்டிருந்தது. குறிமுனையைச் சுற்றியிருந்த மயிரில் மணல் போன்ற வெண்துகள்கள் ஒட்டியிருந்தன. அது மலச்சிக்கல் அன்று. சிறுநீர்க் குழாயில் கல் அடைத்திருந்தது.

தமிழ்நாட்டில் கால்நடை மருத்துவம் படித்துவிட்டு அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் பணிபுரியும் எனக்கு, பொதி சுமக்கும் ஆடு என்பது இங்கு வந்த பிறகுதான் அறிமுகமாயிற்று. பொதிமாடு நமக்குப் பழகிய சொல், பொதியாடு அவ்வாறன்று. ஆனால் இமயத்துக்கு அது புதிதல்ல. உத்தராகண்டின் போட்டியா வணிகர்கள் தானியத்தை ஏற்றிச் சென்று திபெத்திலிருந்து உப்பும் வெண்காரமும் கொண்டுவர, முதுகின் இருபுறமும் சிறு பைகள் கட்டிய செம்மறியாடுகளையும் வெள்ளாடுகளையும் நூற்றுக்கணக்கில் ஓட்டிச் சென்றார்கள். 1962 போரோடு அந்த வழிகள் அடைபட்டன. அமெரிக்காவில் இவ்வழக்கம் பரவக் காரணமானவர் வயோமிங் மாநிலத்தைச் சேர்ந்த காட்டுயிர் ஆய்வாளர் ஜான் மியோன்சின்ஸ்கி. 1970களில் விண்ட் ரிவர் மலைகளில் பிக்ஹார்ன் என்னும் காட்டுச் செம்மறிகளைப் பின்தொடர்ந்து ஆராய்ந்தபோது, குதிரை ஏற முடியாத பாறைச் சரிவுகளில் தம் கருவிகளைச் சுமக்க அவர் வெள்ளாடுகளைப் பழக்கினார். இன்று மேற்கு மாநிலங்களில், முதுகில் சுமை தாங்க இயலாத முதியவர்களும், சிறு குழந்தைகளோடு மலையேறும் குடும்பத்தினரும் இவற்றை வளர்க்கிறார்கள். தீவனம் சுமந்து செல்ல வேண்டியதில்லை. வழியில் கிடைக்கும் தழையைக் கடித்துக்கொண்டே ஆடு நடந்துவிடும்.

பொதியாடு பெரும்பாலும் காயடித்த கிடாவாகத்தான் இருக்கும். பெட்டையின் மடி முட்செடியில் கிழிபடும். காயடிக்காத கிடாவோ பருவ காலத்தில் தன் மேலேயே சிறுநீர் பாய்ச்சிக்கொண்டு நாற்றமடிக்கும், சொற்பேச்சும் கேட்காது. ஆகவே ஆல்பைன், சானன், டோகன்பர்க், ஓபர்ஹாஸ்லி போன்ற உயரமான பால் இனங்களின் ஆண் குட்டிகளைப் பிறந்த சில நாள்களிலேயே தாயிடமிருந்து பிரித்துப் புட்டிப்பால் கொடுத்து வளர்க்கிறார்கள். மனிதனைத் தன் மந்தையின் தலைவனாக ஏற்றுக்கொண்ட குட்டி, பெரிதானதும் கயிறில்லாமலே பின்னால் வரும். புட்டிப்பாலில் இன்னொரு நன்மையும் உண்டு. மூட்டு வீக்கத்தையும் மூளை அழற்சியையும் உண்டாக்கும் சி.ஏ.இ. வைரஸ் முதன்மையாகச் சீம்பாலின் வழியாகவே குட்டிக்குச் செல்வதால், சீம்பாலை 56 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் வைத்திருந்து கொடுப்பது அத்தொற்றைப் பெருமளவு தடுக்கிறது. மூட்டு கெட்ட ஆடு பொதி சுமக்க உதவாது என்பதால் இது முக்கியம். புட்டியில் வளர்ந்த ஆண் குட்டி மேலே தாவுவதையும் தலையால் முட்டி விளையாடுவதையும் கண்டு சிரித்து ஊக்குவிப்பவர்களிடம் நான் கண்டிப்பாகவே பேசுவதுண்டு. ஐந்து கிலோவில் செல்லமாகத் தெரிவது தொண்ணூறு கிலோவில் விலா எலும்பை முறிக்கும்.

இனிச் சிறுநீர் அடைப்புக்கு வருவோம். நான் பார்க்கும் பொதியாடுகளில், மலையில் விழுந்து கால் ஒடிந்து வருபவற்றைவிட இந்த அடைப்பால் வருபவை மிகுதி. ஆட்டின் சிறுநீர்க் குழாய் நீளமானது, குறுகியது, இடையில் இரட்டை வளைவு கொண்டது. அதன் நுனியில் புழுவைப் போன்ற மெல்லிய ஒரு நீட்சியும் இருக்கிறது. இந்த வளைவிலோ நுனி நீட்சியிலோதான் கல் வந்து சிக்கும். ஆண்குறியும் சிறுநீர்க் குழாயும் வளர்வதற்கு விதையில் சுரக்கும் ஹார்மோன் தேவைப்படுவதால், சில வாரக் குட்டியாக இருக்கும்போதே காயடித்துவிட்டால் குழாய் அகலமாகாமல் போகக்கூடும். இதனால் பொதிக்காக வளர்க்கும் கிடாவை நான்கு முதல் ஆறு மாத வயதுக்குப் பின் காயடிக்குமாறு நான் பரிந்துரைக்கிறேன். அவ்வளவு நாள் பொறுப்பவர்கள் மூன்றாம் மாதத்திலேயே அதைப் பெட்டைகளிடமிருந்து பிரித்துவிட வேண்டும். அந்த வயதில் என்ன செய்துவிடப் போகிறது என்று எண்ணி ஏமாந்தவர்கள் பலர். காயடிக்குமுன் துள்ளுமாரி நோய்க்கும் இரண ஜன்னிக்கும் சேர்த்துப் போடும் தடுப்பூசியைத் தவறவிடக் கூடாது.

குழாய் குறுகலாக இருப்பது மட்டும் கல்லை உண்டாக்காது. கல்லை உண்டாக்குவது தீவனம். அசைபோடும் விலங்கு, உடலில் மிகுந்த பாஸ்பரஸை உமிழ்நீரில் கலந்து வயிற்றுக்கு அனுப்பிச் சாணத்தோடு வெளியேற்றும் அமைப்புடையது. நார்ச்சத்துள்ள தழையையும் வைக்கோலையும் மணிக்கணக்கில் மெல்லும்போது உமிழ்நீர் தாராளமாகச் சுரக்கும். மக்காச்சோளம், ஓட்ஸ், பார்லி போன்ற தானியத்திலோ இரண்டு சிக்கல்கள் ஒன்றாக வருகின்றன: அதில் சுண்ணாம்புச் சத்து குறைவு, பாஸ்பரஸ் அதிகம்; மெல்லும் வேலையும் குறைவதால் உமிழ்நீர் குறைகிறது. வெளியேற வழியில்லாத பாஸ்பரஸ் சிறுநீருக்குத் திரும்பி, தாவர உண்ணிகளுக்கு இயல்பான காரத்தன்மையுள்ள சிறுநீரில் மக்னீசியத்தோடும் அம்மோனியத்தோடும் சேர்ந்து மணலாகவும் கல்லாகவும் படிகிறது. ஆகவே மொத்தத் தீவனத்தில் சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பரஸும் இரண்டுக்கு ஒன்று என்ற அளவில் இருக்குமாறு பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்காகக் குதிரைமசாலை மட்டுமே கொட்டி வளர்த்தால் சுண்ணாம்புக் கற்கள் உருவாகும். அவற்றை நான் அறுவை செய்து எடுத்திருக்கிறேன். வளர்ந்து முடிந்த, வேலையில்லாத நாள்களில் தொழுவத்தில் நிற்கும் கிடாவுக்கு நல்ல புல் வைக்கோலும், தழையும், வெள்ளாட்டுக்குரிய தாது உப்பும் போதுமானவை. தானியம் தேவையே இல்லை. இங்கே குளிர்காலத்தில் தொட்டி நீர் உறைந்துவிடுவதால் ஆடு நீர் குடிப்பது குறைகிறது. வெதுவெதுப்பான நீர் வைத்தால் விரும்பிக் குடிக்கும். சிறுநீரை அமிலமாக்கும் அம்மோனியம் குளோரைடைத் தீவனத்தில் சேர்ப்பது பயன் தருவதுதான், எனினும் அளவை உங்கள் மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்யுங்கள். அதைச் சேர்க்கிறோம் என்ற துணிவில் தானியத்தை அள்ளிப்போடுவது பொருளற்றது.

தமிழ்நாட்டில் நேர்த்திக்கடனுக்கும் பக்ரீத்துக்கும் காயடித்து வளர்க்கும் கிடாக்களுக்குக் கம்பும் மக்காச்சோளமும் அரிசித் தவிடும் கொடுத்துக் கொழுக்க வைக்கும் வீடுகளிலும் இதே நோய்தான் வருகிறது. குறிப்பாகத் தவிட்டில் பாஸ்பரஸ் மிகுதி. இங்கே ஆட்டுக்காரர் இனிப்புப் பாகு கலந்த தானியக் கலவையை நடைக்குப் பரிசாக அள்ளிக் கொடுக்கிறார். அங்கே பாட்டி தவிட்டைக் கரைத்து வைக்கிறார். இரண்டும் அன்பினால் செய்யப்படுபவை என்பதால்தான் நிறுத்தச் சொல்வது எனக்குக் கடினமாக இருக்கிறது.

அடையாளங்களைப் பிந்தாமல் கண்டுகொள்ள வேண்டும். முக்குவது, சொட்டுச் சொட்டாக நீர் வடிவது அல்லது வராமலே போவது, பின்காலால் வயிற்றை உதைப்பது, எழுவதும் படுப்பதுமாக இருப்பது, தீனியை மறுப்பது, கத்துவது ஆகியவற்றில் எது தெரிந்தாலும் முதலில் சிறுநீர் வருகிறதா என்று பாருங்கள். வயிறு உப்புசம் என்று நினைத்து எண்ணெய் ஊற்றிக் காத்திருக்கும் ஒரு நாளில் சிறுநீர்ப்பை வெடித்துவிடக்கூடும். வெடித்தவுடன் ஆடு சற்று நேரம் வலி தணிந்து அமைதியாகிவிடும்; உரிமையாளர் குணமாகிவிட்டதென்று நம்பிவிடுவார்; மறுநாள் வயிறு தொங்கிச் சோர்ந்து கிடக்கும். இப்படித் திங்கட்கிழமை காலை வந்த ஆடுகளில் ஒன்றைக்கூட என்னால் காப்பாற்ற முடியவில்லை. இன்னொரு செய்தி: மயக்கத்துக்குப் பலரும் கைவசம் வைத்திருக்கும் சைலசின் மருந்து சிறுநீர் உற்பத்தியைக் கூட்டக்கூடியது; அடைப்புள்ள ஆட்டுக்கு அதை நீங்களாகச் செலுத்தாதீர்கள்.

அந்தச் சனிக்கிழமை ஆட்டுக்கு நல்வாய்ப்பு இருந்தது. உட்கார வைத்துப் பிடித்துக்கொண்டு குறிமுனையை வெளியே எடுத்தபோது, நுனி நீட்சி கருத்து வீங்கி உள்ளே கற்கள் அடைந்திருந்தது தெரிந்தது. அதை வெட்டியதும் சிறுநீர் பீறிட்டது. இவ்வெட்டு நிரந்தரத் தீர்வன்று. பையில் மிச்சமிருக்கும் மணல் சில நாள்களில் மீண்டும் அடைக்கக்கூடும் என்பதால் ஒரு வாரம் கண்காணிப்பில் வைத்தோம். மேலே உள்ள வளைவில் அடைத்திருந்தால் வயிற்றைத் திறந்து பைக்குக் குழாய் பொருத்த வேண்டியிருந்திருக்கும்.

சுமை பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. எலும்பு முற்றி முழு வளர்ச்சி அடைய மூன்று முதல் நான்கு ஆண்டுகள் ஆகும். அதுவரை முதல் ஆண்டு வெறுமனே கூட நடக்கட்டும், இரண்டாம் ஆண்டு வெற்றுச் சேணத்தோடும் இலேசான பையோடும், பிறகு பாதிச் சுமையோடு. நன்கு பழகிய ஆட்டுக்கும் சேணம் உட்பட உடல் எடையில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் ஏற்றக் கூடாது. நான் ஐந்தில் ஒரு பங்கோடு நிறுத்தச் சொல்வேன். இருபுறப் பைகளையும் கைத்தராசில் தொங்கவிட்டு எடையைச் சரிபார்ப்பது அவசியம், ஏனெனில் அரைக் கிலோ வேறுபாடுகூட நாள் முழுவதும் சேணத்தை ஒரு பக்கமாக இழுத்து முதுகைப் புண்ணாக்கும். நீர்நிலையைக் கண்டால் ஆட்டுக்கு ஆகவே ஆகாது. ஓடையைக் கடக்கக் குட்டியிலேயே பழக்காவிட்டால், 20 கிலோ பொதியோடு கல்லுக்குக் கல் தாவப் பார்க்கும், பொதி தண்ணீரில் கிடக்கும்.

நடைபாதை தொடங்கும் இடத்திலுள்ள விடுதி, வீட்டு வேலிகளில் அழகுக்காக நடப்படும் யூ என்னும் ஊசியிலைச் செடியை ஆடு கடிக்க விடாதீர்கள். சில வாய் தின்றாலே இதயம் நின்றுவிடும். 2017 சனவரியில் ஐடஹோவின் பேயெட் நகரில் ப்ராங்ஹார்ன் என்னும் காட்டு விலங்குகள் சுமார் 50 செத்துக் கிடந்ததற்கு இச்செடியே காரணம்.

காட்டுச் செம்மறியைப் பற்றியும் சொல்ல வேண்டும். செம்மறியாடும் வெள்ளாடும் எந்த அறிகுறியும் இல்லாமல் மூக்கில் சுமக்கக்கூடிய மைக்கோபிளாஸ்மா ஓவிநிமோனியே என்னும் நுண்ணுயிர், பிக்ஹார்ன்களைத் தொற்றினால் நுரையீரல் அழற்சி பரவி மந்தை மந்தையாக மடிகின்றன. தப்பியவற்றின் குட்டிகளும் பின்வரும் ஆண்டுகளில் சாகின்றன. இதனால் வயோமிங்கின் ஷோஷோனி தேசிய வனம் உட்படச் சில காடுகளில், பிக்ஹார்ன் வாழும் பகுதிகளுக்குள் பொதியாட்டைக் கொண்டுசெல்லத் தடை வந்தது. காட்டுச் செம்மறியை ஆராயப் போனவரோடு தொடங்கிய வழக்கம், அதே செம்மறிக்காகத் தடுக்கப்படுவது எனக்கு வருத்தமான முரணாகத் தெரிகிறது. ஆயினும் தடையின் பக்கம் நியாயம் இருக்கிறது. வளர்ப்போர் பலர் இதை ஏற்பதில்லை, என்னிடம் சண்டைக்கும் வருவார்கள். மூக்குச் சளி மாதிரியை ஆய்வுக்கு அனுப்பித் தொற்றில்லை என்று உறுதிசெய்துகொள்வதும், புறப்படுமுன் வன அலுவலகத்தில் அந்த வழிக்கு அனுமதி உண்டா என்று கேட்பதும், இரவில் ஆடுகளை உயரக் கயிற்றில் கட்டிவைப்பதும், ஒரு ஆடு காணாமற்போனால் தேடிப் பிடிக்காமல் மலையைவிட்டு இறங்காதிருப்பதும் நம்மால் செய்யக்கூடியவை.

அந்த ஆல்பைன் கிடா இந்தக் கோடையில் மீண்டும் மலையேறியது. உரிமையாளர் இப்போது பரிசுக்குத் தானியக் கலவைக்குப் பதில் ஒரு சிறு பையில் குதிரைமசால் குச்சித் தீவனம் வைத்திருக்கிறார். முகாமில் ஆடுகள் நக்குவதற்கு உப்பும் கொண்டுபோகிறார். படுத்துறங்கிய ஆடு விடியலில் எழுந்தவுடன் முதலில் சிறுநீர் கழிக்கும். அவரிடம் ஏழு ஆடுகள். கூடாரத்துக்கு வெளியே நின்று ஏழையும் எண்ணி முடித்த பிறகே அடுப்பில் காப்பிக்குத் தண்ணீர் வைக்கிறாராம்.